இரட்டை கிராஃபிக்ஸ் லேப்டாப்பில் லினக்ஸ்: லாகின் செஷன் குழப்பங்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்டெல் அல்லது ஏஎம்டி பிராசஸருக்குள்ளேயே ஒரு கிராஃபிக்ஸ், அதோடு தனியாக ஒரு என்விடியா சிப். இப்படிப்பட்ட லேப்டாப்பில் லினக்ஸ் ஓட்டுபவர்களுக்கான பக்கம் இது. வேலேண்ட் வேண்டும் என்றால் எக்ஸ்11 வந்து நிற்பது (இரண்டும் டெஸ்க்டாப்பைத் திரையில் வரையும் முறைகள்), கடவுச்சொல் போட்டால் மறுபடி லாகின் திரைக்கே தள்ளிவிடுவது, வெளி மானிட்டர் கறுப்பாகவே கிடப்பது என்று புகார்கள் பலவிதம். ஆனால் பழுது பெரும்பாலும் சில இடங்களில்தான் இருக்கிறது. பல லேப்டாப்களில் மூலப் பழுதைவிட, அதைச் சரிசெய்ய எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய பழைய வைத்தியங்கள்தான் இன்று தொல்லை தருகின்றன. அதனால் எதையும் மாற்றுவதற்கு முன் முதல் மூன்று கேள்விகளைப் படித்துவிடுங்கள்.

செஷனுக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் என்ன சம்பந்தம்?

லாகின் திரையில் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்த பிறகு தொடங்குகிற மொத்த டெஸ்க்டாப்பும்தான் செஷன். அதைத் திரையில் வரைந்து காட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று எக்ஸ்11, 1987-லிருந்து இருப்பது. இதில் எக்ஸ் சர்வர் என்ற தனி நிரல் நடுவில் உட்கார்ந்துகொண்டு திரையைக் கவனித்துக்கொள்ளும். இன்னொன்று வேலேண்ட், 2008-ல் தொடங்கியது. இதில் நடுவில் ஆள் கிடையாது. க்னோம் டெஸ்க்டாப்பின் மட்டர், பிளாஸ்மா டெஸ்க்டாப்பின் கேவின் போன்ற கம்பாசிட்டர்களே (ஜன்னல்களைச் சேர்த்து ஒரே படமாக்கும் நிரல்கள்) லினக்ஸின் மையமான கர்னலோடு நேராகப் பேசித் திரையில் வரைகின்றன.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. எக்ஸ் சர்வருக்கு என்விடியா தன் சொந்த டிரைவரைக் கொடுத்து வந்தது, அது எப்படியோ ஓடியது. வேலேண்டுக்கோ கர்னல் மோட்செட்டிங் வேண்டும் (திரையின் அளவையும் வீதத்தையும் கர்னலே அமைப்பது), வரைவதற்கான நினைவகத்தைக் கையாளும் ஜிபிஎம் என்ற இடைமுகமும் வேண்டும். இன்டெல், ஏஎம்டி டிரைவர்களில் இவை ஆரம்பத்திலிருந்தே உண்டு. என்விடியா பல வருடம் இஜிஎல் ஸ்ட்ரீம்ஸ் என்று தனி வழியில் போய்விட்டு, 2021-ல் வந்த 495 பதிப்பில்தான் ஜிபிஎம்மைச் சேர்த்தது. ஜன்னல்கள் படபடவென்று மினுங்குவதை நிறுத்திய எக்ஸ்ப்ளிசிட் சிங்க் வந்தது 2024-ல், 555 பதிப்பில். உங்கள் டிரைவர் இவற்றில் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்தாலே பாதி கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும்.

ஆப்டிமஸ் என்ற பெயரில் என்விடியா இந்த இரட்டை ஏற்பாட்டை அறிவித்தது 2010-ல். 2012-ல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவை நோக்கி நடுவிரல் காட்டியது பலருக்கு நினைவிருக்கும். அன்று கேள்வி கேட்டவரின் குறையும் ஆப்டிமஸ் லேப்டாப்தான். அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் இன்று நிலைமை எவ்வளவோ மேல்.

நான் இப்போது எந்த செஷனில் இருக்கிறேன்?

க்னோமில் அமைப்புகளுக்குள் "பற்றி" பக்கத்திலும், பிளாஸ்மாவில் கணினி விவரப் பக்கத்திலும் வேலேண்டா எக்ஸ்11-ஆ என்று எழுதியிருக்கும். டெர்மினல் பழக்கம் உள்ளவர்கள் எக்ஸ்டிஜி செஷன் டைப் என்ற சூழல் மாறியை எக்கோ செய்து பார்க்கலாம். அதை டெஸ்க்டாப்பில் திறந்த டெர்மினலில் செய்யுங்கள். வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக உள்ளே வந்து பார்த்தால் "டிடிஒய்" என்று சொல்லும், பலர் அதைப் பார்த்து அரண்டுபோகிறார்கள்.

ஒரு நிரல் எக்ஸ்11-ல் ஓடுகிறது என்பதற்காக செஷனே எக்ஸ்11 என்று ஆகாது. வேலேண்டுக்குள் எக்ஸ்வேலேண்ட் என்ற பாலம் இருக்கிறது, பழைய நிரல்கள் அதன் வழியாக ஓடும். கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. எக்ஸ்ஐஸ் என்ற பழைய பொம்மை நிரலை ஓடவிடுங்கள், இரண்டு கண்கள் தோன்றும். எக்ஸ்11 செஷனில் மவுஸ் எங்கே போனாலும் அந்தக் கண்கள் பின்தொடரும். வேலேண்டில் மவுஸ் எக்ஸ்வேலேண்ட் ஜன்னல்களின் மேல் போகும்போது மட்டும் அசையும், வேலேண்ட் ஜன்னலின் மேல் போனதும் அப்படியே உறைந்து நிற்கும்.

என் டெஸ்க்டாப்பை வரைவது எந்த சிப்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் மாற்றக் கூடாது. பல லேப்டாப்களில் உள்திரை இன்டெல் அல்லது ஏஎம்டி கிராஃபிக்ஸோடு இணைக்கப்பட்டிருக்கும். என்விடியா வரைந்தாலும் அந்தப் படம் இன்டெல் வழியாகத்தான் திரைக்குப் போகும். எச்டிஎம்ஐ துளையோ பெரும்பாலான கேமிங் லேப்டாப்களில் என்விடியாவோடு நேராக இணைந்திருக்கும். யூஎஸ்பி-சி துளை மாடலுக்கு மாடல் வேறுபடும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. சிஸ் கோப்புறைக்குள் கிளாஸ், அதற்குள் டிஆர்எம் என்ற இடத்துக்குப் போய்ப் பட்டியலைப் பாருங்கள். கார்டு1-இடிபி-1, கார்டு0-எச்டிஎம்ஐ-ஏ-1 என்பது போலப் பெயர்கள் இருக்கும். இடிபி என்பது உள்திரை. முன்னால் உள்ள கார்டு எண்தான் அந்தத் துளை எந்த சிப்புக்குச் சொந்தம் என்பதைச் சொல்கிறது. எந்த எண் எந்த சிப் என்பதற்கு தேவ் கோப்புறையின் டிஆர்ஐ-க்குள் இருக்கும் பை-பாத் பெயர்களைப் பார்த்து, எல்எஸ்பிசிஐ கட்டளை காட்டும் முகவரிகளோடு ஒப்பிடுங்கள்.

உயர்ரக மாடல்கள் சிலவற்றில் மக்ஸ் சுவிட்ச் இருக்கும். பயாஸில் அதை மாற்றினால் உள்திரையே நேராக என்விடியாவுக்குப் போய்விடும். "நேற்று வரை நன்றாக இருந்தது, பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு செஷன் மாறிவிட்டது" என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். அப்டேட் அந்த அமைப்பைப் பழைய நிலைக்குத் திருப்பியிருக்கலாம்.

லாகின் திரையில் வேலேண்ட் தேர்வே காட்டவில்லை. ஏன்?

முதலில் சரியான இடத்தில் தேடுகிறீர்களா என்று பாருங்கள். க்னோமின் லாகின் மேலாளரான ஜிடிஎம் திரையில் பல்சக்கரப் பொத்தான் ஆரம்பத்தில் இருக்காது. உங்கள் பெயரை அழுத்தி, கடவுச்சொல் கேட்கும் கட்டம் வந்த பிறகுதான் கீழ் மூலையில் தோன்றும். ஒரே ஒரு செஷன்தான் இருக்கிறது என்றால் அப்போதும் தோன்றாது. தானாக லாகின் ஆகும்படி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் திரையே வராது, ஒருமுறை லாக்அவுட் செய்ய வேண்டும்.

சரி, பொத்தான் இருக்கிறது, அதில் வேலேண்ட் மட்டும் இல்லை என்றால் யாரோ அதைத் தடுத்திருக்கிறார்கள். தடுக்கக்கூடியவர்கள் நான்கு பேர்.

ஒன்று, நீங்களேதான், அல்லது உங்களுக்கு முன் அந்த லேப்டாப்பைச் சரிசெய்தவர். எட்சி கோப்புறைக்குள் உபுண்டு, டெபியனில் ஜிடிஎம்3 என்றும் ஃபெடோரா, ஆர்ச்சில் ஜிடிஎம் என்றும் ஒரு கோப்புறை இருக்கும். அதிலுள்ள கஸ்டம் கான்ஃப் கோப்பை (டெபியனில் டீமன் கான்ஃப்) திறந்து பாருங்கள். வேலேண்ட்எனேபிள் என்ற வரி ஃபால்ஸ் என்று இருந்து, முன்னால் ஹேஷ் குறி இல்லையென்றால் அதுதான் காரணம். ஜூம் அழைப்பில் திரையைப் பகிர முடியவில்லை என்று ஒரு காலத்தில் எல்லோரும் இந்த வரியைத்தான் பரிந்துரைத்தார்கள். திரைப்பகிர்வுப் பிரச்சினை தீர்ந்து வெகுநாளாகிறது, வரி மட்டும் அப்படியே கிடக்கிறது.

இரண்டாவது, ஜிடிஎம்மோடு வரும் யூடெவ் விதி, அதாவது கர்னல் ஒரு சாதனத்தைக் கண்டதும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் விதி. 61-ல் தொடங்கும் பெயருடைய சின்னக் கோப்பு அது. என்விடியா டிரைவர் எந்தப் பதிப்பு, மோட்செட்டிங் இயங்குகிறதா, சஸ்பெண்ட் சேவைகள் இயக்கத்தில் உள்ளனவா, இரட்டை கிராஃபிக்ஸா என்றெல்லாம் பார்த்து வேலேண்டை மறைத்துவிடும், அல்லது எக்ஸ்11-ஐ முன்னுக்குத் தள்ளிவிடும். நிபந்தனைகள் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால், ஒருவருக்கு வேலை செய்த தீர்வு இன்னொருவருக்குச் செய்யாது. அந்தக் கோப்பைத் திறந்து படியுங்கள், ஒவ்வொரு நிபந்தனைக்கும் மேலே குறிப்பு இருக்கும். எட்சிக்குள் உள்ள யூடெவ் விதிகள் கோப்புறையில் அதே பெயரில் ஒரு இணைப்பை வைத்து அதை தேவ்-நல் என்ற வெற்றிடத்துக்குத் திருப்பிவிட்டால் விதி செத்துவிடும். ஆனால் விதி எதைக் கண்டு பயந்ததோ அதைச் சரிசெய்யாமல் விதியை மட்டும் அணைப்பது, புகை எச்சரிக்கைக் கருவியின் பேட்டரியைக் கழற்றுவது மாதிரிதான்.

மூன்றாவது, கர்னல் வரியில் ஒட்டிக்கொண்டிருக்கும் நோமோட்செட். லினக்ஸ் நிறுவும்போது கறுப்புத் திரை வந்திருக்கும், "சேஃப் கிராஃபிக்ஸ்" தேர்ந்தெடுத்திருப்பீர்கள், அந்தச் சொல் லினக்ஸைத் தொடங்கிவைக்கும் க்ரப்பின் அமைப்பில் நிரந்தரமாகத் தங்கிவிட்டிருக்கும். அது இருக்கும் வரை கர்னல் மோட்செட்டிங் கிடையாது, வேலேண்டும் வராது. திரைத் தெளிவுத்திறன் மாற்ற முடியாமல் ஒன்றிலேயே நின்றாலும், மின்விசிறி சும்மா இருக்கும்போதே இரைந்தாலும் இதைச் சந்தேகியுங்கள். வரைகலை வேலை முழுவதும் பிராசஸர் தலையில் விழுந்திருக்கும்.

நான்காவது, போட்டி ஓட்டம். என்விடியா டிரைவர் ஏறி முடிப்பதற்குள் ஜிடிஎம் எழுந்துவிடும். கண்ணுக்கு கார்டு எதுவும் தெரியாததால் வேலேண்ட் முடியாது என்று முடிவுகட்டிவிடும். வேகமான எஸ்எஸ்டி உள்ள லேப்டாப்களில் இது அதிகம். ஒருநாள் வேலேண்ட் வரும், மறுநாள் வராது என்றால் அநேகமாக இதுதான். என்விடியா மாட்யூல்களையும் உள்கிராஃபிக்ஸ் மாட்யூலையும் இயக்கத்தின் ஆரம்பத்திலேயே ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் சேர்த்து அதை மறுபடி உருவாக்கினால் டிரைவர் முந்திக்கொள்ளும்.

எனக்கு நேர்மாறு. எக்ஸ்11 தேர்வைக் காணோம்.

அது பழுதல்ல, திட்டமிட்ட முடிவு. ஃபெடோரா 2016-லேயே, 25-ம் பதிப்பில் வேலேண்டை முன்னிருப்பாக்கியது. உபுண்டு 17.10-ல் ஆக்கிப் பார்த்து, 18.04-ல் பின்வாங்கி, 21.04-ல் மீண்டும் வந்தது. என்விடியாக்காரர்களை மட்டும் 24.10 வரை எக்ஸ்11-லேயே விட்டுவைத்தது. பிளாஸ்மா 6 வந்த 2024-லிருந்து அங்கேயும் வேலேண்ட்தான் முதல். 2025 செப்டம்பரில் வந்த க்னோம் 49-ல் எக்ஸ்11 செஷன் முன்னிருப்பாகவே அணைக்கப்பட்டது. உபுண்டு 25.10-லும் ஃபெடோரா 43-லும் க்னோமுக்கு அந்தத் தேர்வே இல்லை.

கட்டாயம் எக்ஸ்11 வேண்டும் என்றால் எக்ஸ்எஃப்சிஇ, மேட்டே, சினமன் போன்ற டெஸ்க்டாப்களில் இன்னும் இருக்கிறது. உபுண்டு 24.04-ஐப் பிடித்துக்கொண்டு சிலகாலம் ஓட்டவும் செய்யலாம். ஆனால் எதற்காகக் கட்டாயம் என்று ஒருமுறை யோசியுங்கள். ஒரே ஒரு நிரலுக்காக என்றால் அது எக்ஸ்வேலேண்டில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஒருமுறை தேர்ந்தெடுத்தேன், மறுபடி இயக்கினால் பழைய செஷனே வருகிறது.

ஒவ்வொரு லாகின் மேலாளரும் உங்கள் தேர்வை ஒவ்வொரு இடத்தில் எழுதி வைக்கிறது. ஜிடிஎம்முக்கு அது வார் கோப்புறையின் லிப்-க்குள் அக்கவுண்ட்ஸ்சர்வீஸ் என்ற இடத்தில், உங்கள் பயனர் பெயரிலேயே உள்ள கோப்பு. பிளாஸ்மாவோடு வழக்கமாக வரும் எஸ்டிடிஎம்முக்கு அதன் ஸ்டேட் கான்ஃப். லைட்டிஎம் என்ற இன்னொரு மேலாளரில் யூசர்-செஷன் என்ற வரி முன்னிருப்பு செஷனைச் சொல்கிறது. வட்டு நிரம்பியிருந்தாலோ அந்தக் கோப்பின் அனுமதி கெட்டிருந்தாலோ தேர்வு பதிவாகாது, லாகின் மேலாளரும் வாய்திறந்து சொல்லாது.

தானியங்கி லாகின் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. எஸ்டிடிஎம் தானாக உள்ளே விடும்போது நீங்கள் கடைசியாகத் தேர்ந்தெடுத்ததைப் பார்ப்பதில்லை, தானியங்கி லாகின் அமைப்பில் எழுதியிருக்கும் செஷன் பெயரைத்தான் பார்க்கும். பிளாஸ்மா 5-ல் "பிளாஸ்மா" என்ற பெயருடைய கோப்பு எக்ஸ்11 செஷனைக் குறித்தது, வேலேண்டுக்கு "பிளாஸ்மாவேலேண்ட்". பிளாஸ்மா 6-ல் "பிளாஸ்மா" என்றால் வேலேண்ட், எக்ஸ்11-க்கு "பிளாஸ்மாஎக்ஸ்11". அமைப்புக் கோப்பில் ஓர் எழுத்துகூட மாறாமல் செஷன் மட்டும் மாறிவிட்டதாகச் சொன்னவர்கள் பலரின் கதை இதுதான்.

கடவுச்சொல் சரி, ஆனாலும் திரும்ப லாகின் திரைக்கே வருகிறது.

லாகின் சுழல் என்று சொல்வது இதைத்தான். செஷன் தொடங்குகிறது, உடனே விழுகிறது, லாகின் மேலாளர் மறுபடி எழுகிறது. கடவுச்சொல்லை மாற்றி மாற்றி அடிப்பதில் பயன் இல்லை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், வெறும் எழுத்துத் திரை வரும். அங்கே அதே பெயர், அதே கடவுச்சொல்லோடு உள்ளே போங்கள்.

வட்டில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் உங்கள் ஹோம் கோப்புறையில் எக்ஸ்அத்தாரிட்டி என்ற மறைந்த கோப்பு யாருக்குச் சொந்தம் என்று பாருங்கள். ரூட் பெயரில் இருந்தால் எப்போதோ சூடோ போட்டு வரைகலை நிரல் ஒன்றைத் திறந்திருக்கிறீர்கள். அழித்துவிடலாம், தானாகப் புதிதாக உருவாகும்.

இரண்டும் சரியென்றால் எட்சிக்குள் எக்ஸ்11 கோப்புறையில் எக்ஸ்ஆர்க் கான்ஃப் கோப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். இரட்டை கிராஃபிக்ஸ் லேப்டாப்பில் இது இருக்கவே கூடாது என்பது என் கட்சி. என்விடியா-எக்ஸ்கான்ஃபிக் என்ற கருவி எழுதித்தரும் கோப்பு, ஒரே கார்டு உள்ள மேசைக் கணினியை மனதில் வைத்து எழுதப்படுவது. லேப்டாப்பில் உள்திரையோ இன்டெல்லிடம் இருக்கிறது. எக்ஸ் சர்வர் என்விடியாவிடம் மட்டும் போய்த் திரை கேட்கும், அங்கே எதுவும் இருக்காது, "நோ ஸ்கிரீன்ஸ் ஃபவுண்ட்" என்று பதிவேட்டில் எழுதிவிட்டு விழும். கோப்பின் பெயரை மாற்றி வைத்துவிட்டு மறுபடி இயக்குங்கள். இன்றைய எக்ஸ் சர்வர் கோப்பு இல்லாமலேயே இரண்டு சிப்பையும் கண்டுகொள்ளும்.

இன்னும் பிடிபடவில்லையா? புதுப் பயனர் ஒருவரை உருவாக்கி அவர் பெயரில் லாகின் செய்து பாருங்கள். அவருக்கு வேலை செய்தால் கோளாறு உங்கள் ஹோம் கோப்புறையில்: நீட்சிகள், புரொஃபைல் கோப்பில் எழுதிய வரிகள், பழைய மானிட்டர் அமைப்பு. அவருக்கும் சுழன்றால் கோளாறு டிரைவரில்.

டிரைவர் போட்டேன். லேப்டாப் திரை நன்றாக இருக்கிறது, எச்டிஎம்ஐ மட்டும் செத்துக்கிடக்கிறது.

காரணம் பெரும்பாலும் செக்யூர் பூட், கையொப்பமுள்ள மென்பொருளை மட்டும் ஏற்கும் பாதுகாப்பு அமைப்பு. கையொப்பம் இல்லாத டிரைவரைக் கர்னல் ஏற்றிக்கொள்ளவில்லை. நிறுவிய பொதி, என்விடியா சிப்புக்கான திறந்த மூல டிரைவரான நூவோவையும் தடைப் பட்டியலில் போட்டுவிட்டது. ஆக என்விடியா சிப்புக்கு இப்போது ஓட்டுநரே கிடையாது. உள்திரை இன்டெல்லிடம் இருப்பதால் டெஸ்க்டாப் வழக்கம்போல வருகிறது, பழுது இருப்பதே தெரிவதில்லை. எல்எஸ்பிசிஐ-யைக் கே விருப்பத்தோடு ஓட்டி, என்விடியா வரிக்குக் கீழே "கர்னல் டிரைவர் இன் யூஸ்" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உறுதி.

உபுண்டுவில் டிரைவர் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டிருக்கும். மறு இயக்கத்தில் எம்ஓகே மேலாண்மை (டிரைவரின் கையொப்பச் சாவியைப் பதியும் இடம்) என்று நீலத் திரை வரும், சில விநாடிகளே காத்திருக்கும். அதற்குள் ஒரு விசையைத் தட்டி, "என்ரோல் எம்ஓகே" தேர்ந்தெடுத்து, அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். என்னவோ திரை வந்தது, தானாகப் போய்விட்டது என்று விட்டவர்களுக்கெல்லாம் இந்த நிலைதான். சாவியைப் பதிவுக்குக் கொடுக்கும் படியை மறுபடி செய்து, அந்தத் திரையை இந்த முறை விடாமல் பிடியுங்கள். செக்யூர் பூட்டையே அணைத்துவிடுவது எளிது என்பார்கள். எளிதுதான், ஆனால் விண்டோஸும் அதே லேப்டாப்பில் இருந்தால் வேறு வம்புகள் வரலாம்.

கர்னல் அப்டேட்டுக்குப் பிறகு இதே அறிகுறி தோன்றினால் புதுக் கர்னலுக்கான ஹெடர் பொதி (டிரைவரைக் கட்டத் தேவையான கோப்புகள்) இல்லாமல் டிரைவர் கட்டப்படாமல் போயிருக்கும். க்ரப்பில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே வந்து, ஹெடரைப் போட்டு, மறுபடி கட்டவிடுங்கள்.

வெளி மானிட்டர் வருகிறது, ஆனால் இழுபறியாக ஓடுகிறது.

வேலேண்டில் கம்பாசிட்டர் ஒரு சிப்பை முதன்மையாக வைத்துக்கொண்டு அதில்தான் எல்லாவற்றையும் வரையும். அது இன்டெல் என்றால், என்விடியா துளையில் மாட்டிய மானிட்டருக்குப் போக வேண்டிய ஒவ்வொரு சட்டகமும் நகலெடுக்கப்பட்டு அந்தப் பக்கம் போகிறது. 4கே மானிட்டரில், அதிலும் அதிகப் புதுப்பிப்பு வீதத்தில், இந்த நகலெடுப்பு கண்ணுக்குத் தெரியும்.

முதலில் செலவில்லாத வழி: யூஎஸ்பி-சி துளை இன்டெல் பக்கம் இருந்தால் மானிட்டரை அங்கே மாட்டுங்கள். நகலே தேவைப்படாது. முடியாவிட்டால் என்விடியாவை முதன்மையாக்கலாம். அப்போது நகலெடுக்கும் சுமை உள்திரைப் பக்கம் போய்விடும், மூடியை மூடிவைத்து வெளி மானிட்டரில் மட்டும் வேலை செய்பவர்களுக்கு அது பொருட்டல்ல. பேட்டரியில் ஓட்டுபவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

முதன்மை சிப்பை மாற்றுவது எப்படி?

க்னோமில் யூடெவ் விதி ஒன்றை எழுதி, வேண்டிய கார்டுக்கு "மட்டர்-டிவைஸ்-ப்ரிஃபர்ட்-பிரைமரி" என்ற அடையாளத்தைக் கொடுக்க வேண்டும். பிளாஸ்மாவில் கேவின் டிஆர்எம் டிவைசஸ் என்ற சூழல் மாறியில் கார்டுகளை வரிசைப்படுத்த வேண்டும், முதலில் வருவது முதன்மை. ஸ்வே போன்ற டபிள்யூஎல்ரூட்ஸ் குடும்பத்துக் கம்பாசிட்டர்களுக்கும் இதே போன்ற மாறி, முன்னொட்டு மட்டும் வேறு.

கார்டு0, கார்டு1 என்ற எண்களை நம்பி எழுதாதீர்கள். அவை ஒவ்வொரு இயக்கத்திலும் இடம் மாறலாம். இயக்கத்தின் ஆரம்பத்தில் சிம்பிள்டிஆர்எம் என்ற தற்காலிக டிரைவர் 0-வைப் பிடித்துக்கொண்டு பிறகு விலகிவிடுவதால், ஒரே கார்டு உள்ள கணினியில்கூட 1-லிருந்து எண் தொடங்குவது உண்டு. அப்படியானால் பை-பாத் பெயரைப் போடலாமே என்று தோன்றும். அதில் வேறு சிக்கல்: அந்தப் பெயருக்குள் முக்காற்புள்ளிகள் இருக்கின்றன, சூழல் மாறியோ முக்காற்புள்ளியைத்தான் பிரிப்பானாகக் கொள்கிறது. பிசிஐ முகவரியை வைத்து யூடெவ் விதி ஒன்றால் "உள்கார்டு", "வெளிகார்டு" என்பது போல எளிய இணைப்புப் பெயர்களை உருவாக்கி அவற்றைப் பயன்படுத்துங்கள். பெயரை ஆங்கில எழுத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது.

இன்டெல், என்விடியா, ஆன்-டிமாண்ட் என்று மூன்று நிலைகள் இருக்கின்றன. எது நல்லது?

உபுண்டுவின் பிரைம்-செலக்ட் கருவி தரும் நிலைகள் இவை. நல்லது ஆன்-டிமாண்ட்தான். டெஸ்க்டாப்பை உள்கிராஃபிக்ஸ் வரையட்டும், கனமான நிரலுக்கு மட்டும் என்விடியாவை எழுப்பினால் போதும். என்விடியா டிரைவர் 435 பதிப்பில், 2019-ல், இதற்கான ஆதரவு வந்துவிட்டது. அதற்கு முன் பம்பிள்பீ என்ற கருவியை வைத்து மல்லுக்கட்டிய காலத்தின் கட்டுரைகள் இன்னும் தேடலில் முதலில் வருகின்றன, அவற்றைத் தொடாதீர்கள்.

குறிப்பிட்ட நிரலை மட்டும் என்விடியாவில் ஓடவைக்க?

க்னோமில் ஐகானின் மேல் வலது சொடுக்கினால் தனி கிராஃபிக்ஸ் கார்டில் தொடங்கும் தேர்வு இருக்கும். ஸ்விட்சரூ-கன்ட்ரோல் சேவை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மேசா என்ற திறந்த மூலத் தொகுப்பின் டிரைவர்களுக்கு (இன்டெல், ஏஎம்டி, நூவோ) டிஆர்ஐ பிரைம் மாறியை 1 ஆக்கினால் போதும். இரண்டும் ஏஎம்டி என்றாலும் இதுவேதான், இந்தப் பக்கத்தின் பாதி அவர்களுக்குத் தேவையே படாது.

ஆன்-டிமாண்டில்தான் இருக்கிறேன். பேட்டரி ஏன் கரைகிறது?

என்விடியா தூங்கவில்லை. என்விடியா சிப்களில் டூரிங் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையும்தான் சும்மா இருக்கும்போது முழுதாக அணைந்துகொள்ளும். அதற்கு முந்தையவை ஓரளவுக்குத்தான் மின்சாரத்தைக் குறைக்கும்.

தூங்குகிறதா என்று பார்க்க எல்லோரும் என்விடியா-எஸ்எம்ஐ-யை ஓட்டுகிறார்கள். அந்தக் கட்டளையே சிப்பைத் தட்டி எழுப்பிவிடும்! ஒவ்வொரு முறையும் விழித்திருப்பதாகத்தான் காட்டும். மேல்பட்டையில் கார்டின் சூட்டைக் காட்டும் நீட்சிகளும் இதையே ஓயாமல் செய்கின்றன, அவற்றை முதலில் கழற்றுங்கள். தொந்தரவில்லாமல் பார்க்க, சிஸ் கோப்புறைக்குள் அந்தக் கார்டின் பிசிஐ முகவரிக்குப் போய், பவர் என்ற உள்கோப்புறையில் ரன்டைம்-ஸ்டேட்டஸ் கோப்பைப் படியுங்கள். "சஸ்பெண்டட்" என்றால் தூங்குகிறது. என்விடியா துளையில் மானிட்டர் மாட்டியிருந்தால் தூங்காது, தூங்கவும் முடியாது.

மூடியைத் திறந்தால் திரை முழுக்கச் சிதறல், அல்லது செஷன் போய்விடுகிறது.

தூங்கப் போகும்போது என்விடியாவின் நினைவகத்தில் இருந்தவை தொலைந்துவிட்டன. வீடியோ நினைவகத்தைப் பாதுகாக்கும் மாட்யூல் விருப்பத்தை 1 ஆக்கி, என்விடியாவின் சஸ்பெண்ட், ரெஸ்யூம், ஹைபர்னேட் சேவைகளை இயக்குங்கள். பாதுகாக்கும் தற்காலிக இடம் முன்னிருப்பாக டெம்ப் கோப்புறை. அது ரேமில் இருந்தால் இடம் போதாமல் போகலாம், வார்-க்குள் உள்ள டெம்ப்புக்கு மாற்றுவது பாதுகாப்பு. மேலே சொன்ன ஜிடிஎம் விதி இந்தச் சேவைகளையும் பார்ப்பதால், சிலருக்கு இதைச் செய்ததுமே காணாமல்போன வேலேண்ட் தேர்வும் திரும்பி வந்துவிடும்.

என் கார்டு பழையது. வேலேண்ட் வருமா?

என்விடியாவின் கெப்ளர் தலைமுறைக்கு 470-தான் கடைசி டிரைவர் வரிசை, அதில் ஜிபிஎம் கிடையாது. என்விடியாவின் டிரைவரோடு அங்கே எக்ஸ்11-தான் நிம்மதி. அடுத்து வந்த மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைகள் உள்ளவர்களுக்கு 580 கடைசி வரிசை, அதில் வேலேண்ட் நன்றாகவே ஓடும். ஆனால் தானாகப் புதிய டிரைவருக்கு மாற்றிவிடும் டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸ் வகைகளில்) அப்டேட் செய்வதற்கு முன் 580-ஐப் பிடித்து நிறுத்தி வைக்க வேண்டும். மிகப் பழைய கார்டு என்றால் அதை மொத்தமாக அணைத்துவிட்டு இன்டெல்லில் மட்டும் ஓட்டுவதே மேல். அன்றாட வேலைகளுக்கு வேகத்தில் வித்தியாசம் தெரியாது, சூடு குறையும்.

எல்லா இடத்திலும் கைவைத்தாகிவிட்டது. முதலிலிருந்து எப்படி ஆரம்பிப்பது?

லினக்ஸையே மறுபடி நிறுவ வேண்டியதில்லை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 வழியாக உள்ளே போய் பழைய வைத்தியங்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எக்ஸ்ஆர்க் கான்ஃப், அதன் துணைக் கோப்புறையில் நீங்கள் வைத்த கோப்புகள். மோட்ப்ரோப் கோப்புறையில் நூவோவையோ என்விடியாவையோ தடைசெய்து நீங்கள் எழுதியவை. க்ரப் அமைப்பில் நோமோட்செட்டும் பொருள் தெரியாமல் சேர்த்த மற்ற சொற்களும். என்விரான்மென்ட் கோப்பில் உலகத்துக்கே பொதுவாகப் போட்ட என்விடியா மாறிகள். இந்தக் கடைசி வகை மிக மோசம், ஒரு நிரலுக்குப் போட வேண்டியதை எல்லா நிரல்களுக்கும் போட்டு கம்பாசிட்டரையே குழப்பிவிடும். அழிக்காமல் வேறொரு கோப்புறைக்கு நகர்த்தி வையுங்கள்.

பிறகு என்விடியா பொதிகள் அனைத்தையும் நீக்கிவிட்டு மறுபடி இயக்குங்கள். நூவோவோடு செஷன் ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். வந்தால் டிஸ்ட்ரோவின் களஞ்சியத்திலிருந்தே டிரைவரைப் போடுங்கள், என்விடியா தளத்திலிருந்து இறக்கும் ரன் கோப்பை அல்ல. அது பொதி மேலாளருக்குத் தெரியாமல் கோப்புகளைப் போடுவதால் அடுத்த கர்னல் அப்டேட்டிலேயே இடிக்கும். மறுபடி இயக்கி, எந்த செஷன் என்று பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் ஒரே ஒரு மாற்றம் செய்து மீண்டும் பாருங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால், பழுது வந்த இயக்கத்தின் பதிவேடு வேண்டும். ஜர்னல்சிடிஎல்-ஐ பி விருப்பத்தோடு மைனஸ் 1 கொடுத்து ஓட்டினால் முந்தைய இயக்கத்தின் பதிவு கிடைக்கும். அதில் ஜிடிஎம் அல்லது எஸ்டிடிஎம், என்விடியா, டிஆர்எம் ஆகிய சொற்கள் வரும் வரிகளை எடுங்கள். டிரைவர் பதிப்பு, கர்னல் பதிப்பு, எந்தத் துளையில் எந்த மானிட்டர் என்ற விவரத்தையும் அவற்றோடு சேர்த்துக் கேளுங்கள். "வேலேண்ட் வரவில்லை, உதவுங்கள்" என்று மட்டும் எழுதினால், பதிலாக உங்களிடம் வருவது இந்த விவரங்களைக் கேட்கும் கேள்விகள்தான்.